மலையேறும் வண்டிக்கு மாயப் பெட்டியா?

கொழும்புப் புதுக்கடை என்றதும் நீதிமன்றங்களும், கறுப்பு மேலங்கி அணிந்த வழக்கறிஞர்களும், கட்டுக்கட்டாகக் காகிதம் சுமந்து திரியும் மனிதருமே நம் கண்முன் தோன்றுவர். 1656ஆம் ஆண்டுக் கொழும்பு முற்றுகையில் உயிர் துறந்த ஹல்ப்ட் என்னும் ஒல்லாந்தத் தளபதியின் பெயரால் இப்பகுதி ஹல்ஸ்டொப் எனவும் வழங்கும். ஆயின், இங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் முற்றிலும் வேறோர் உலகம் எதிர்ப்படும். மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தை அது. ஆணி முதல் அச்சு வரை மோட்டார் வாகனத்தின் எந்த உறுப்பையும் அங்கே தேடிப் பெறலாம் என்பதைக் கொழும்பு வாசிகள் யாவரும் அறிவர்.

காணி உறுதி ஒன்றின் நிமித்தம் அண்மையில் புதுக்கடைக்குப் போயிருந்தேன். வெள்ளவத்தையிலிருந்து என்னை ஏற்றிச் சென்றவன் என் தமக்கையின் மகன். அலுவல் முடிந்ததும் அவன், "மாமா, எனக்காக ஒரு மணித்தியாலம் ஒதுக்க முடியுமா? பஞ்சிகாவத்தைக்குப் போக வேண்டும். வண்டிக்கு ஒரு டியூனர் வாங்கப் பார்க்கிறேன்" என்றான்.

அவ்வண்டியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நாற்சக்கர இயக்கமுள்ள டீசல் டபிள் கெப் அது. 2020 மார்ச்சில் இந்நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 தொடக்கத்திலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகள் பொன்விலை விற்றன. அந்த விலை கொடுத்து, காலஞ்சென்ற தந்தையாரின் சேமலாப நிதியையும் தாயாரின் நகைகளையும் சேர்த்து இவன் வாங்கியது அது. உல்லாசப் பிரயாணிகளை நக்கிள்ஸ் மலைக்கும் ஹோர்ட்டன் சமவெளிக்கும் ஏற்றிச் செல்வது அவன் தொழில். இரு தங்கையரின் படிப்பும் அவ்வண்டியிலேயே ஓடுகிறது. அதன் யந்திரம் நின்றால் ஒரு குடும்பம் நின்றுவிடும்.

"டியூனர் எதற்கு?" என்று கேட்டேன்.

"ஏற்றத்தில் இழுவை போதவில்லை, மாமா. இந்தப் பெட்டியைப் பூட்டினால் சக்தி இருபத்தைந்து வீதம் கூடுமாம். எண்ணெய்ச் செலவும் குறையுமாம்."

கல்லூரியிலே பௌதிகம் கற்பிப்பவன் நான். 'சக்தியும் கூடும், செலவும் குறையும்' என்ற வாக்கியத்தைக் கேட்டதும் என் காது தானாகவே நிமிர்ந்தது.

சக்தி எங்கிருந்து வருகிறது?

குதிரைச் சக்தி என்ற அளவே ஒரு வியாபாரத் தேவையிற் பிறந்தது என்பது சுவையான செய்தி. நீராவி யந்திரங்களை விற்க முற்பட்ட ஜேம்ஸ் வாட், தம் யந்திரம் எத்தனை குதிரைகளுக்கு ஈடு என்பதை வாங்குவோர்க்கு விளக்கும் பொருட்டு வகுத்த அளவு அது. இன்றைய கணக்கில் ஒரு குதிரைச் சக்தி ஏறத்தாழ 746 வாட். விற்பனைப் பேச்சில் பிறந்த அளவு இன்றும் விற்பனைப் பேச்சிலேயே பெரிதும் உலவுவதில் வியப்பில்லை.

இக்காலத்து டீசல் யந்திரத்திலே எரிபொருளை உட்செலுத்துவது ஒரு கணினியின் ஆணை. ஈ.சீ.யூ. என்று கராஜ்களில் வழங்கும் இக்கணினி, காற்றின் அளவு, வெப்பம், யந்திர வேகம், ஓட்டுநரின் கால் அழுத்தம் ஆகியவற்றை உணரிகள் வாயிலாக அறிந்து, எவ்வளவு டீசல், எந்தக் கணத்தில் என்று தீர்மானிக்கிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுழலும் நாலு உருளை யந்திரத்தில் இத்தீர்மானம் ஒரு செக்கனில் நூறு தடவை நிகழ வேண்டும். டீசலைத் தாங்கி நிற்கும் குழாயின் அழுத்தமோ முழுப் பாரத்தில் 1,600 பாரையும் எட்டும். உலகின் மிக ஆழமான கடற் பள்ளத்தின் அடியில் நிலவும் அழுத்தம் கூட 1,100 பாருக்கு உட்பட்டதே. எத்துணை நுட்பமான இடத்தில் நாம் கைவைக்கிறோம் என்பதை இதனால் உணரலாம்.

டியூனர் எதுவும் சக்தியைப் படைப்பதில்லை. கூடுதலான டீசலை எரித்தே கூடுதலான சக்தியைப் பெறுகிறது. முழு மிதியில் கால்பங்கு சக்தி கூடினால், ஏறக்குறையக் கால்பங்கு எண்ணெயும் கூடவே எரிகிறது. மெதுவான ஓட்டத்தில் சிறிது சிக்கனம் கிடைத்தல் கூடும். ஆனால், கூட்டிய சக்தியைப் பயன்படுத்திக்கொண்டே எண்ணெயையும் மீதப்படுத்துதல் இயலாத காரியம். அதிக டீசலுக்கு ஏற்ற காற்று இல்லாவிடில், அது அரைகுறையாய் எரிந்து கரும்புகையாகிறது. வெளியேறும் வாயுவின் வெப்பமும் ஏறுகிறது. நூறு செக்கன் ஓடும் பந்தய வண்டிக்கு அது பொருட்டன்று. ஒரு மணி நேரம் பாரம் சுமந்து மலையேறும் வண்டிக்கோ அதுவே உயிர்நிலை.

நால்வகைக் கருவிகள்

டியூனர் என்ற ஒரே பெயரில் விற்கப்படுபவை உண்மையில் நால்வேறு கருவிகள்.

முதலாவது, மிதிப் பெட்டி. கால்வாசி மிதித்தால் அரைவாசி மிதித்ததாகக் கணினிக்கு அறிவிப்பதே இதன் தொழில். யந்திரத்தின் சக்தி ஓர் அணுவும் கூடாது. வண்டி துள்ளுவது போன்ற தோற்றமே உண்டாகும். கல்லும் சேறும் நிறைந்த பாதையில் மென்மையான மிதியே வேண்டும். ஆகலின், காட்டுப் பாதைக்கு இது உதவியன்று, இடையூறு.

இரண்டாவது, இடைப்பெட்டி. உணரிக்கும் கணினிக்கும் நடுவே இருந்துகொண்டு, குழாய் அழுத்தம் குறைவாய் இருப்பதாகப் பொய்க் கணக்குக் காட்டுவது. கணினி அதை நம்பி அழுத்தத்தைக் கூட்டும். மலிவானது, பூட்டவும் கழற்றவும் எளிது. ஆனால், கணினி தன் யந்திரத்தைக் காக்கச் செய்யும் கணக்குகளும் அப்பொய்யின் மீதே எழுகின்றன.

மூன்றாவது, கணினியின் உள்ளேயுள்ள வரைபடத்தையே மாற்றி எழுதும் கருவி. கையடக்கமாகவும் கிடைக்கும், நிபுணர் மடிக்கணினி கொண்டும் எழுதுவர். எரிபொருள், நேரம், டர்போவின் அழுத்தம் யாவற்றையும் ஒன்றுக்கொன்று இசையத் திருத்தலாம் என்பதால், திறமையுள்ளவர் கையில் இதுவே சிறந்தது. திறமையற்றவர் கையில் இதுவே கொடியது.

நான்காவது, பழைய கணினியை அகற்றிவிட்டு முற்றிலும் புதியதைப் பொருத்துவது. அது பந்தயக்காரருக்கு உரியது, குடும்பத்தாருக்கு அன்று.

இன்னொன்றும் நினைவிற்கொள்ள வேண்டும். கணினியே இல்லாத யந்திரங்கள் நம் நாட்டில் இன்னும் ஏராளம். பழைய லாண்ட் ரோவர்களும் ஜப்பானிய ஜீப்புகளும் பொறிமுறைப் பம்பினால் இயங்குபவை. அவற்றிற்கு இப்பெட்டிகளில் எதுவும் பயன்படாது.

நானாவின் மேசை

பஞ்சிகாவத்தையிலே மருமகன் என்னை அழைத்துச் சென்றது பெட்டி விற்கும் கடைக்கு. நல்ல வேளையாக, அதற்கு அப்பால் ஓர் ஒழுங்கையிலே எனக்குப் பலகாலம் பழக்கமான கராஜ் ஒன்று உண்டு. அதன் உரிமையாளரான முதிய முஸ்லிம் அன்பரை யாவரும் நானா என்றே அழைப்பர். "முதலில் அவரிடம் ஒரு சொல் கேட்போம்" என்றேன்.

நானா எங்கள் கதையைக் கேட்டார். ஒன்றும் பேசாமல் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பிஸ்டனை எடுத்து என் கையில் வைத்தார். அதன் தலையிலே சுண்டுவிரல் நுழையும் அளவு துவாரம்.

"இதுவும் உங்கள் மருமகனைப் போல் ஒரு பொடியனின் வண்டிதான், சேர். பெயரில்லாத பெட்டி பூட்டி, ஆறு பேரை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனான். இறங்கி வந்தது லொறியின் மேலே."

அலுமினியம் உருகும் வெப்பநிலை 660 பாகை சதம். யந்திரத்தினுள் எரியும் வாயுவோ அதனினும் பன்மடங்கு வெப்பமுடையது. எண்ணெய்த் தூறலும் குளிர்நீரும் இடைவிடாது வெப்பத்தைக் கவர்ந்து செல்வதாலேயே பிஸ்டன் பிழைக்கிறது. வெளியேறும் வாயுவின் வெப்பம் நெடுநேரம் 700 பாகையைத் தாண்ட விடலாகாது என்பது டீசல் வேலை தெரிந்தவர் வழக்கு. மலையின் உயரமும் இங்கே ஒரு எதிரி. ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரமான ஹோர்ட்டன் சமவெளியில் காற்றின் செறிவு கொழும்பிலும் பார்க்க ஐந்திலொரு பங்கு குறைவு. அக்குறையை நிரப்ப டர்போ ஏற்கனவே மிகுந்த வேகத்திற் சுழல்கிறது. அந்த நிலையில் அதனை மேலும் விரட்டினால் என்னாகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

"அப்படியானால் ஏற்றத்துக்கு என்ன வழி, நானா?" என்றான் மருமகன்.

"தம்பி, சின்னக் கியர் நெம்பை எத்தனை தரம் போட்டிருக்கிறாய்?"

அவன் தலை குனிந்தான். நாற்சக்கர வண்டிகளிலுள்ள தாழ்நிலைக் கியர், சக்கரத்துக்குச் செல்லும் முறுக்கு விசையை ஏறக்குறைய இரண்டு முதல் இரண்டரை மடங்காக்குகிறது. அது வேகத்தைப் பலியிட்டுப் பெறும் வலிமை. பாறைப் பாதையில் வேகம் யாருக்கு வேண்டும்? கால்பங்கு கூட்டித் தருவதாகச் சொல்லும் பெட்டிக்குப் பெருந்தொகை கொடுக்க முற்படுகிறோம். இரு மடங்கு தரும் நெம்போ தூசி படிந்து கிடக்கிறது.

கேட்க வேண்டிய கேள்விகள்

இவ்வளவும் சொன்னதால், டியூனர் எல்லாம் தீயவை என்று வாசகர்கள் கருதலாகாது. உண்மையான தேவையும் நல்ல யந்திரமும் உடையவர் அளவோடு செய்துகொள்ளும் திருத்தம் பயன் தருவதே. ஆனால், வாங்குமுன் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும்.

ஒன்று: என் யந்திரம் இப்போது பூரண சுகத்தோடு இருக்கிறதா? நோயாளிக்கு உடற்பயிற்சி சொல்லுதல் தகுமா?

இரண்டு: பூட்டுமுன்னும் பூட்டியபின்னும் டைனோ என்னும் உருளை அளவியில் ஓட்டிக் காட்டுவீர்களா? குறைந்த சுற்றில் முறுக்கு விசை எவ்வளவு? மலையேறுபவனுக்கு உச்சச் சக்தியைவிட அதுவே முக்கியம்.

மூன்று: பழைய வரைபடத்தைப் பத்திரப்படுத்தி எனக்கும் ஒரு பிரதி தருவீர்களா?

நான்கு: இந்த வரைபடம் எந்த எரிபொருளுக்கு எழுதப்பட்டது? பெற்றோல் வண்டியானால் இது மிக முக்கியம். இலங்கையில் பெரும்பாலும் கிடைப்பவை 92, 95 என்னும் ஒக்டேன் வகைகள். 95க்கென எழுதிய வண்டிக்கு மலைநாட்டிலே 92 மட்டும் கிடைத்தால், யந்திரம் தட்டத் தொடங்கும்.

ஐந்து: புகைப் பரிசோதனையில் என் வண்டி தேறுமா? வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் பெற அந்தச் சான்றிதழ் இன்றியமையாதது.

ஐந்தாவது கேள்வி சட்டத்தோடு முடிவதன்று. அமெரிக்காவில் பத்தாண்டுக் காலத்தில் ஐந்தரை இலட்சத்துக்கு மேற்பட்ட டீசல் வாகனங்களின் புகைத் தடுப்புகள் இத்தகைய கருவிகளின் துணையோடு நீக்கப்பட்டதாக, அந்நாட்டுச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் 2020இல் மதிப்பிட்டது. கலிபோர்னியா மாநிலமோ, பரிசோதனையில் தேறிய கருவிகளுக்கு விலக்களிப்பு இலக்கம் வழங்குகிறது. அந்த இலக்கம் உள்ளதா என்று பார்த்து வாங்குதல் நமக்கும் நல்ல வழி. டீசல் புகை புற்றுநோய் விளைவிப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் 2012இல் அறிவித்துவிட்டது. நம் வண்டி கக்கும் கரும்புகை காலி வீதியிலே பாடசாலை விட்டு வரும் பிள்ளையின் மார்பிலே போய்த் தங்குகிறது. அப்பிள்ளை நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

முடிவு

நானா அன்றே வண்டியைப் பரிசோதித்தார். காற்று வடிகட்டியில் நக்கிள்ஸ் மலைத் தூசி அப்பிக் கிடந்தது. டர்போவிலிருந்து யந்திரத்துக்குக் காற்றுக் கொண்டு செல்லும் இறப்பர்க் குழாயிலே ஒரு நீண்ட வெடிப்பு. பாரம் ஏறும்போதெல்லாம் அது வாய் திறந்து காற்றை வெளியே விட்டிருக்கிறது. இல்லாத சக்தியைத் தேடி அலைந்தோம். இருந்த சக்தியோ ஒரு வெடிப்பின் வழியே ஒழுகிக்கொண்டிருந்தது! குழாய்க்கும் வடிகட்டிக்கும் சென்ற பணம், பெட்டியின் விலையில் ஒரு சிறு பங்கே.

அடுத்த கிழமை மருமகன் மீமுரேக்குப் பிரயாணிகளை ஏற்றிச் சென்று மீண்டான். "இழுக்கிறது, மாமா; முன்னைப் போலவே இழுக்கிறது" என்றான். ஆயினும், இளமை இளமைதானே! டியூனர் ஆசை அவனை முற்றாய் விட்டுவிடவில்லை. "ஒரு வருடம் பொறுத்து, நல்ல இடமாய்ப் பார்த்து, அளந்து செய்விப்பேன்" என்கிறான். நான் தடுக்கவில்லை. ஏனெனில், கையிலிருந்த பணத்துக்கு அவன் பஞ்சிகாவத்தையில் வாங்கியது வேறொன்று: வெளியேறும் வாயுவின் வெப்பத்தை ஓட்டுநரின் கண்முன் காட்டும் ஒரு சிறு மானி. சக்தியைக் கூட்டுமுன் அதனை அளக்கக் கற்றுக்கொண்டுவிட்டான்.

நானா தந்த அந்தத் துளைவிழுந்த பிஸ்டன் இப்போது என் வகுப்பறை மேசையில் இருக்கிறது. வெப்பவியல் பாடத்தின் முதல் நாளன்று மாணவர் ஒவ்வொருவர் கையிலும் அதைக் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். பிறகுதான் புத்தகத்தைத் திறக்கிறோம்.