என்கே வால்மீனின் சுற்று ஏன் சுருங்கியது?

1786, 1795, 1805, 1818 ஆகிய ஆண்டுகளில் வானில் தென்பட்டவை வெவ்வேறு வால்மீன்கள் அல்ல, ஒரே வால்மீன்தான் என்று கணக்கிட்டுக் காட்டினார் ஜெர்மானிய வானியலாளர் யோகான் என்கே. 1822இல் மீண்டும் வரும் என்றார். சொன்னபடியே ஆஸ்திரேலியாவின் பரமட்டாவில் அது தென்பட்டது.

சூரியனைச் சுற்ற அதற்குச் சுமார் 3.3 ஆண்டுகள் போதும். நீள்வட்டப் பாதையின் ஒரு முனையில் புதனின் சராசரித் தொலைவைவிடச் சூரியனை நெருங்குகிறது. வியாழனின் பாதையை எட்டுமுன்பே திரும்பிவிடுகிறது.

ஆனால், ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ 2.5 மணி நேரம் குறைந்துகொண்டே வந்தது. எப்படி? 1950இல் வானியலாளர் பிரெட் விப்பிள் விளக்கினார்: வெயில் பட்டதும் வால்மீனின் பனி வாயுவாகிப் பீறிடுகிறது. வால்மீனின் திடமான நடுப்பகுதியான கரு சுழல்வதால் அந்தப் பீச்சல் பக்கவாட்டில் சாய்கிறது. அதன் எதிர்விசை ஓட்டத்துக்கு எதிராக அமையும்போது பாதை சுருங்குகிறது. சுற்றும் சீக்கிரம் முடிகிறது.