‘ஓரிரு இடங்களில்’ என்றால் எத்தனை இடம்?

வடசென்னையில் பேசின் பிரிட்ஜுக்கு அருகே மூலக்கொத்தளம் என்றொரு பகுதி உண்டு. கொத்தளம் என்றால் என்ன தெரியுமா? கோட்டை மதிலிலிருந்து வெளியே துருத்தி நிற்கும் காவல் முனை. அதன் மேல் நின்றால் வருகிறவரைத் தொலைவிலேயே பார்த்துவிடலாம். பழைய நகரைச் சுற்றியிருந்த மதில் மறைந்து வெகு காலமாயிற்று. பெயர் மட்டும் நிற்கிறது.

ஆனால் அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, சென்னைத் துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டட உச்சியில், 2002ஆம் ஆண்டில் வேறொரு கொத்தளம் எழுந்தது. பெரிய வெள்ளைப் பந்து போன்ற கூடு. அதற்குள்ளே சுழலும் டாப்ளர் வானிலை ரேடார். இந்திய வானிலைத் துறை நிறுவிய முதல் டாப்ளர் ரேடார் இதுதான். வங்கக் கடலில் சில நூறு கிலோமீட்டர் தொலைவில் வரும் மேகக் கூட்டத்தையும் பார்த்துவிடும்.

ரேடார் பார்க்கும், பேசாது. அது கண்டதைக் காசிமேட்டு மீனவருக்கும் திருவொற்றியூர்ப் பள்ளி மாணவனுக்கும் புரிகிற தமிழில் யாராவது சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகள் அந்த வேலையைச் செய்தவர் எஸ். ஆர். ரமணன். நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் உள்ள மண்டல வானிலை ஆய்வு மையத்தில், புயல் எச்சரிக்கை மையத்தின் இயக்குநராக இருந்து 2016 மார்ச் 31இல் ஓய்வு பெற்றார்.

உங்கள் அண்ணன், அக்காமாரைக் கேட்டுப் பாருங்கள். அவரை நன்றாக நினைவிருக்கும். மழைக்காலம் வந்தால் தொலைக்காட்சியில் அவர் முகம் தோன்றும். ‘அடுத்த 24 மணி நேரத்தில்’ என்று நிதானமாகத் தொடங்குவார். மாணவர்கள் மூச்சைப் பிடித்துக் கொண்டு காத்திருப்பார்கள். மறுநாள் விடுமுறை என்றால் அவருக்கு வாழ்த்து. இல்லையென்றால் அவர் மேல்தான் வருத்தம்! 2015ஆம் ஆண்டு மழையில் அவரைப் பற்றிய கேலிப் படங்கள் கைபேசிக்குக் கைபேசி பறந்தன. பாவம், விடுமுறை விடும் அதிகாரம் அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை. அது மாவட்ட ஆட்சியரின் முடிவு. வானிலையாளர் வானத்தைப் பற்றி மட்டுமே சொல்வார்.

அவர் சொன்னதையாவது நாம் சரியாகக் கேட்டோமா? அதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

அளந்து வைத்த சொற்கள்

‘ஓரிரு இடங்களில் மழை பெய்யும்’ என்ற வாக்கியத்தைக் கேட்டுப் பலரும் சிரிப்பார்கள். எங்காவது ஓர் இடத்தில் பெய்யத்தானே போகிறது, இதற்கு ஓர் அலுவலகமா என்பார்கள். உண்மையில் இது கைக்கு வந்தபடி சொல்லும் சொல் அன்று. வானிலைத் துறை எண்ணால் வரையறுத்து வைத்திருக்கும் சொல். ஒரு வட்டாரத்தில் உள்ள மழைமானி நிலையங்களில் நூற்றுக்கு 25 வரை மழையைப் பதிவு செய்யும் என்று எதிர்பார்த்தால்தான் ‘ஓரிரு இடங்களில்’. 26 முதல் 50 வரை என்றால் ‘சில இடங்களில்’. 51 முதல் 75 வரை ‘பல இடங்களில்’. அதற்கும் மேலே போனால் ‘பெரும்பாலான இடங்களில்’.

மழையின் அளவுக்கும் இப்படியே. ஒரு நாளில் ஓரிடத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால் அது கனமழை. 115.6 முதல் 204.4 மி.மீ. வரை மிகக் கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. ‘நாள்’ என்பதும் நம் நாள்காட்டி நாள் அன்று. காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30 மணிக்கு முடியும் நாள் அது.

ஆகவே ‘வடதமிழகத்தில் ஓரிரு இடங்களில் கனமழை’ என்று ரமணன் சொன்னபோது, அவர் பூசி மெழுகவில்லை. தமக்குத் தெரிந்தது எவ்வளவோ அவ்வளவைக் கொள்ளும் சொல்லை எடுத்து வைத்தார். அதைவிடப் பெரிய சொல்லை எடுத்திருந்தால் தெரியாததையும் தெரிந்ததாகச் சொன்னது போலாகும். சிறிய சொல்லை எடுத்திருந்தால் தெரிந்ததை மறைத்தது போலாகும். தராசுக்காரர் படிக்கல் எடுப்பது போன்ற வேலை இது. என் கருத்தில், அவரது திறமை இங்கேதான் இருந்தது.

எந்த ஊரில், எந்தத் தெருவில் என்று ஏன் சொல்ல முடியாது? இடிமேகம் ஒன்றின் ஆயுள் பல சமயம் ஒரு மணி நேரம்தான். அகலமோ சில கிலோமீட்டர். காலை எட்டு மணிக்கு அந்த மேகம் பிறக்கவே இல்லை! 2015 டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பதிவாயிற்று. அதே மழை, அதே இரவு. நுங்கம்பாக்கத்திலோ 29 செ.மீ. இடையே உள்ள தூரம் இருபத்தைந்து கிலோமீட்டர் அளவில்தான். அதற்கு முந்தைய நவம்பர் மாதத்தில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 105 செ.மீ. அளவு மழை பெய்திருந்தது. 1918க்குப் பிறகு சென்னை கண்ட மிக ஈரமான நவம்பர் அது. தமிழ்நாடு முழுவதற்கும் வடகிழக்குப் பருவமழைக் காலம் மூன்று மாதத்துக்குச் சராசரி 44 செ.மீ.தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்த வாரங்களில் ரமணனின் முகத்தைத் தமிழ்நாடு தினமும் பார்த்தது.

இன்னொரு காரணமும் உண்டு. 1961இல் அமெரிக்காவில் எட்வர்ட் லாரன்ஸ் என்ற வானிலை விஞ்ஞானி, கணிப்பொறியில் ஒரு சிறிய வானிலைக் கணக்கை மறுபடி ஓட்டினார். 0.506127 என்று தர வேண்டிய இடத்தில் 0.506 என்று சுருக்கித் தந்தார். பத்தாயிரத்தில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகமான வேறுபாடு. என்ன கெட்டுவிடும் என்று எண்ணிக் காப்பி குடிக்கப் போய்விட்டு வந்து பார்த்தால், முதலில் ஒத்துப் போன விடை போகப் போக விலகி, முற்றிலும் வேறொரு வானிலையாக மாறியிருந்தது! வானத்தை எந்தக் கருவியாலும் பத்தாயிரத்தில் ஒரு பங்கு துல்லியமாக எல்லா இடத்திலும் அளக்க முடியாது. கடலுக்கு மேலே அளக்கும் இடங்களே குறைவு. நமக்குப் புயல் வருவதோ அங்கிருந்துதான்.

2013 டிசம்பரில் ‘மாதி’ என்ற புயல் இதைச் செய்து காட்டியது. வங்கக் கடலில் வடக்கு நோக்கிப் போய்க் கொண்டிருந்தது திடீரெனத் திரும்பித் தென்மேற்கே இறங்கி, வலுவிழந்து, வேதாரண்யம் அருகே வெறும் தாழ்வு மண்டலமாகக் கரையைக் கடந்தது.

கூண்டும் கடலும்

இப்போது துறைமுகத்துக்கு வருவோம். ‘எண்ணூர் துறைமுகத்தில் 3ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது’ என்று செய்தியில் கேட்டிருப்பீர்கள். பகலில் கம்பத்தில் கூம்பு, உருளை வடிவக் கூடுகளைத் தொங்க விடுவார்கள். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். 1, 2 என்றால் புயல் தொலைவில் கடலில் இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே பலத்த காற்று வரக்கூடும். 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரும் அபாயம். 11 என்றால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். யோசித்துப் பார்த்தால் பயங்கரமான எண் அதுதான்.

5க்கும் 6க்கும் என்ன வேறுபாடு? இரண்டும் அபாயமே. புயல் துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுக் கடந்தால் 5. வலப்பக்கம் விட்டுக் கடந்தால் 6. இதில் ஓர் அழகான இயற்பியல் இருக்கிறது. நம் வடகோளத்தில் புயல் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுழலும். மேற்கு நோக்கி வரும் புயல் சென்னைக்கு வடக்கே கரையேறினால், இங்கே காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். தெற்கே கரையேறினால், காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும். அலையையும் நீரையும் கரைமேல் தள்ளும். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்ட கப்பலுக்கு இந்த இரண்டும் ஒன்றல்லவே!

2012 அக்டோபர் 31இல் நடந்தது அதுதான். ‘நிலம்’ புயல் சென்னைக்குத் தெற்கே மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. சென்னை அதன் வலப்பக்கத்தில். துறைமுகத்துக்கு வெளியே நின்ற ‘பிரதீபா காவேரி’ என்ற எண்ணெய்க் கப்பலைக் காற்று இழுத்துக் கொண்டு போய்ப் பெசன்ட் நகர் கடற்கரையில் தரை தட்டச் செய்தது. உயிர்காப்புப் படகில் இறங்கிய மாலுமிகளில் சிலர் உயிரிழந்தனர். தரை தட்டிய கப்பலைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக மக்கள் போனார்கள்.

புயல் எங்கே இருக்கிறது என்று நீங்களே அறிய ஒரு வழி சொல்கிறேன். காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். தாழ்வழுத்தப் பகுதி உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். இது பைஸ் பாலட் என்ற டச்சு விஞ்ஞானி 1857இல் வெளியிட்ட விதி. மழைக்காலத்தில் வடகிழக்கிலிருந்து பலத்த காற்று வீசினால், முதுகு வடகிழக்கே, முகம் தென்மேற்கே, இடக்கை தென்கிழக்கே. வங்கக் கடலைக் காட்டும்! வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்திருக்கும் நம் மீனவர்கள் விதியின் பெயரை அறியாமலே கடலில் இதை உணர்ந்தவர்கள்.

சொல்லாமல் விட்டால்?

கம்பத்தில் கூண்டு ஏற்றும் வழக்கத்தைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் பிரிட்டனின் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். டார்வினை ஏற்றிக் கொண்டு உலகைச் சுற்றிய ‘பீகிள்’ கப்பலின் தலைவர் அவரே. 1859இல் ‘ராயல் சார்ட்டர்’ என்ற கப்பல் புயலில் சிக்கி நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்த பின், தந்தி மூலம் துறைமுகங்களுக்கு எச்சரிக்கை அனுப்பிக் கூம்பும் உருளையும் ஏற்றச் செய்தார். 1861இல் செய்தித்தாளில் வானிலை முன்னறிவிப்பையும் வெளியிட்டார். தவறியபோதெல்லாம் கேலி செய்தார்கள். அறிஞர்களும் சேர்ந்து கொண்டார்கள். 1865இல் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டே எச்சரிக்கை நிறுத்தப்பட்டது. என்ன ஆயிற்று? கடலோர மக்களே வந்து, எங்களுக்குக் கூண்டு வேண்டும் என்று கேட்டார்கள். மீண்டும் ஏற்றினார்கள்.

கேலிக்கும் எச்சரிக்கைக்கும் நடுவே நிற்பது எல்லா நாட்டு வானிலையாளருக்கும் விதி போலும். காசிமேட்டில் ஒரு விசைப்படகு கடலுக்குப் போகாவிட்டால் டீசல் மிச்சம், ஆனால் அன்றைய கூலி பல வீட்டுக்கு இல்லை. வீண் எச்சரிக்கை இரண்டு முறை வந்தால் மூன்றாம் முறை படகு புறப்பட்டுவிடும். எச்சரிக்கை வராமலே போனாலோ படகு திரும்பாமலும் போகலாம். இந்த இரண்டு பிழைகளில் எது சிறியது என்று ஒவ்வொரு மாலையும் எடை போட்டுத்தான் அறிக்கையில் கையெழுத்திட வேண்டும்.

கையெழுத்து ஒருவருடையது, உழைப்பு பலருடையது. மீனம்பாக்கத்தில் காலை 5.30க்கும் மாலை 5.30க்கும் பலூன் பறக்கவிடப்படும். அதில் தொங்கும் கருவி மேலே போகப் போக வெப்பத்தையும் ஈரத்தையும் அழுத்தத்தையும் வானொலி அலை வழியே சொல்லிக்கொண்டே போகும். கப்பல்கள், மிதவைகள், செயற்கைக் கோள் படங்கள் எல்லாம் சேர வேண்டும். துறைமுகத்து ரேடாரோ 10 செ.மீ. அலை நீளமுள்ள அலைகளை அனுப்பி, மழைத்துளிகளில் பட்டுத் திரும்புவதைக் கேட்கும். பேசின் பிரிட்ஜில் ரயில் நெருங்கி வரும்போது ஊதல் ஒலி உச்சமாகவும், கடந்து போனதும் தணிந்தும் கேட்கிறதல்லவா? அதே போல் துளி நெருங்குகிறதா விலகுகிறதா என்பதை அலையின் மாற்றத்தால் அறியலாம். அதிலிருந்து காற்றின் வேகம் கிடைக்கும். வேகம் கிடைத்தால் பெயர் கிடைக்கும்: மணிக்கு 31 முதல் 49 கி.மீ. வரை தாழ்வு மண்டலம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62ஐத் தொட்டால் புயல்.

ரமணன் ஓய்வு பெற்ற அதே ஆண்டு, டிசம்பர் 12இல், ‘வர்தா’ புயல் சென்னை அருகிலேயே கரையைக் கடந்தது. ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அறிவிப்புச் சொல்ல அப்போது வேறொருவர் தொலைக்காட்சியில் இருந்தார். சொற்கள் மட்டும் அவையே: ஓரிரு, சில, பல, பெரும்பாலான.

வரும் அக்டோபரில் இதைச் செய்து பாருங்கள். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள ஒரு டப்பாவைப் பள்ளி மாடியில், மரமோ சுவரோ மறைக்காத இடத்தில், காற்றில் விழாதபடி செங்கல் அணைத்து வையுங்கள். தினமும் காலை 8.30 மணிக்கு நீரின் ஆழத்தை அளவுகோலால் மி.மீ. கணக்கில் அளந்து எழுதிவிட்டு, நீரைக் கொட்டிவிடுங்கள். ராயபுரம், தண்டையார்ப்பேட்டை, எண்ணூர் என்று நாலைந்து பள்ளி நண்பர்களும் செய்தால் இன்னும் நல்லது. அன்றைய நுங்கம்பாக்கம் அளவைச் செய்தியில் பார்த்துப் பக்கத்தில் எழுதிக் கொள்ளுங்கள். 2.5 மி.மீ. கூட இல்லாத நாளை மழை நாளாகக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வானிலைத் துறையும் சேர்ப்பதில்லை.