கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை திமிர் பிடித்தவனா?

வாத்தியார் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். பையன் திரும்பவில்லை. மறுபடி கூப்பிடுகிறார். அவன் பாட்டுக்கு ஜன்னல் கம்பியைத் தட்டிக் கொண்டிருக்கிறான். "என்னடா திமிரு!" முதுகில் பளீர் என்று ஒன்று விழுகிறது.

அது திமிராக இல்லாமல் 'ஆட்டிசம்' ஆக இருக்கலாம்.

மூணு பாஷை சாக்கு!

ஏரிக்கரை ஊரான பாரூரில் தொடங்கி ஓசூர் எல்லை வரை, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இதற்கு ஒரு சாக்கு தயாராக இருக்கிறது. வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்று வளரும் பிள்ளைகள் இங்கே ஏராளம். சிப்காட் வேலைக்கு வந்த இந்திக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு.

பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்றால், "மூணு பாஷையில குழம்பிப் போச்சு, தானா பேசிடும்" என்கிறார்கள். டீச்சரும் தலையாட்டி விடுகிறார். வருஷம் ஓடி விடுகிறது.

பல பாஷை கேட்பதால் ஆட்டிசம் வராது. பாஷை புரியாத பிள்ளை சைகை காட்டும், விரலால் சுட்டும், முகம் பார்த்துச் சிரிக்கும். ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளிடம் இவை குறைவு. மணி அடித்தால் சிலர் காதைப் பொத்திக் கொள்வார்கள். இடத்தை மாற்றினால் அலறுவார்கள். "உன் பேர் என்ன?" என்று கேட்டால், "உன் பேர் என்ன?" என்றே திருப்பிச் சொல்லும் பிள்ளையும் உண்டு. வாத்தியார் காதில் அது கேலியாக விழுகிறது. பாவம், அடி அதற்கும் சேர்த்துத்தான்!

1943-ல் லியோ கானர் என்ற டாக்டர் 11 பிள்ளைகளைப் பார்த்து இதைப் பற்றி எழுதினார். பாசம் காட்டாத தாய்தான் காரணம் என்று பிறகு கொஞ்ச காலம் பழி போட்டார்கள். அது பொய் என்று ஆகி விட்டது. நம் நாட்டில் 1995-ம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் இல்லை. 2016 சட்டத்தில் இடம் பிடித்தது. தமிழில் 'மன இறுக்கம்' என்று எழுதுகிறார்கள். பெயரைக் கேட்டால் ஏதோ கவலை வியாதி மாதிரி இருக்கிறது!

என்ன செய்யலாம்?

அடிப்பதை 2009 கல்வி உரிமைச் சட்டமே தடுக்கிறது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயம், சின்ன வாக்கியத்தில் சொல்லலாம். படம் காட்டலாம். மணி அடிக்கப் போவதை முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்.

வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். மாற்றுத் திறனாளி மாணவர்கள் தொடக்கப் பள்ளியில் 10 பேருக்கும், அதற்கு மேல் வகுப்புகளில் 15 பேருக்கும் ஒரு சிறப்பு ஆசிரியர் வேண்டும் என்று மத்திய அரசு 2022-ல் அறிவித்தது.

சந்தேகம் வந்தால் முதலில் அரசு ஆஸ்பத்திரியில் காது சோதனை. பிறகு குழந்தைகள் டாக்டர். டீச்சர் ஒரு தாளில், கூப்பிட்டால் திரும்புகிறானா, எதைக் கண்டு அலறுகிறான் என்று எழுதிக் கொடுத்தால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.