தட்சிணசித்ரா போறீங்களா? அந்தச் செட்டிநாட்டு வீட்டுல கொஞ்ச நேரம் உட்காருங்க

"சொந்த வீடு எப்போப்பா வாங்கப்போற?" உங்க வீட்டுல இந்தக் கேள்வி வந்தாச்சா? வந்திருந்தா, இந்த வாரக்கடைசி அப்பா அம்மாவை மாலுக்குக் கூட்டிட்டுப் போகாம, ஈசிஆர்ல முட்டுக்காடு பக்கத்துல இருக்கிற தட்சிணசித்ராவுக்குக் கூட்டிட்டுப் போங்க.

மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் நடத்துற இந்த இடம் 1996-ல திறந்தது. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திராவோட பழைய வீடுகள் இங்க இருக்கு. பல வீடுகளை அந்தந்த ஊர்ல விலைக்கு வாங்கி, தூண், கதவு, உத்தரம்னு ஒவ்வொண்ணா பிரிச்சு, லாரில கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்காங்க. கண்ணாடிக்குப் பின்னால வெச்சுக் காட்டுற மியூசியம் இல்ல இது. திண்ணையில உட்காரலாம், குயவர் சக்கரத்துல குழந்தை மண்ணைத் தொட்டுப் பார்க்கலாம்.

இதுல பணம் எங்க வருதுன்னு கேக்குறீங்களா? ஒவ்வொரு வீட்டுக்குள்ள போகும்போதும் "இந்த வீட்டுக்கு வருமானம் எங்கிருந்து வந்துச்சு?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. நெசவாளர் வீட்டுல தறியே வீட்டுக்குள்ள நிக்குது. வீடும் தொழிற்சாலையும் ஒண்ணு. அக்ரஹாரத்து வீட்டுல பக்கத்து வீட்டோட சுவர் பொதுச்சுவர். இடமும் மிச்சம், செலவும் மிச்சம்.

செட்டிநாட்டு வீட்டுக்கு வந்ததும் நில்லுங்க. இங்க இருக்கிற வீட்டோட குடும்பக் கதை தனி. ஆனா காரைக்குடி பக்கத்து மாளிகைகள் பலதுக்கும் பணம் வந்தது பர்மா, மலேயா, சிலோன் வட்டித் தொழில்ல இருந்து. பர்மாவுல நெல் விவசாயிகளுக்கு நிலத்தை அடமானமா வாங்கிக்கிட்டுக் கடன் கொடுத்தாங்க. 1930-ல உலகப் பொருளாதார மந்தத்துல நெல் விலை சரிஞ்சுது. கடன் திரும்பல, பதிலுக்கு நிலம் வந்துச்சு. கீழ் பர்மாவோட 13 முக்கிய நெல் மாவட்டங்கள்ல, 1930-ல சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள்கிட்ட இருந்துச்சு. 1938-ல அது சுமார் 25 சதவீதம். பேப்பர்ல பார்த்தா பெரிய சொத்து. ஆனா அவங்களுக்கு வேண்டியது ரொக்கம், நிலம் இல்ல. 1942-ல ஜப்பான் படை உள்ள வந்துச்சு, 1948-க்கு அப்புறம் சுதந்திர பர்மா நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்துச்சு. அவ்வளவுதான், அந்த நிலம் போயிடுச்சு.

இங்க ஊர்ல நின்ன மாளிகைக்கு ஓடு மாத்தணும், சுண்ணாம்பு அடிக்கணும், பங்காளிகள் எல்லாரும் ஒத்துப்போகணும். முடியாத குடும்பங்கள் கதவையும் தூணையும் பிரிச்சு வித்தாங்க. காரைக்குடி பழைய சாமான் கடைகள்ல அதைத்தான் நாம ஆசையா விலை பேசுறோம். தொழில்ல அவங்க கெட்டிக்காரங்க, சந்தேகமே இல்ல. மாட்டிக்கிட்டது, ஒரே நாட்டுல, அவசரத்துக்கு விக்க முடியாத ஒரே வகைச் சொத்துல.

இப்போ உங்க கணக்குக்கு வாங்க. 50 லட்சம் கடன், 8.5 சதவீதம், 20 வருஷம்னா இஎம்ஐ சுமார் 43,400 ரூபாய். கையில 80,000 சம்பளம்னா பாதிக்கு மேல ஒரே ஒரு சுவருக்குள்ள போகுது. அதுவும் ஒரே கம்பெனி சம்பளத்தை நம்பி. வீடு வாங்காதீங்கன்னு நான் சொல்லல. ஆறு மாச இஎம்ஐ தனியா இல்லாம கையெழுத்துப் போடாதீங்கன்னு சொல்றேன். மெயின்டனன்ஸையும் முதல்லயே கணக்குல சேருங்க.

இதை வீட்டு ஹால்ல பேசுனா சண்டை வரும். அந்த வளவுல தூணைச் சாய்ஞ்சு உட்கார்ந்து, "அப்பா, நம்ம தாத்தா வீடு என்னாச்சு?"ன்னு கேளுங்க. யாரு வித்தா, என்ன கடன், எந்தப் பங்காளி கையெழுத்துப் போடலன்னு பல அப்பாக்கள் அப்பதான் முதல் தடவை வாயைத் திறப்பாங்க. நடுவுல அம்மா குறுக்க பேசுவாங்க. பேச விடுங்க, பல குடும்பங்கள்ல நிஜமான கணக்கு அவங்ககிட்டதான் இருக்கும்.

செலவு விஷயம் சுருக்கமா: செவ்வாய்க்கிழமை லீவு. டிக்கெட் விலையை அவங்க வெப்சைட்ல பார்த்துட்டுக் கிளம்புங்க. பட்ஜெட்டை உடைக்கிறது டிக்கெட் இல்ல, சாப்பாடும் கைவினைக் கடைகளும்தான். கடைக்குன்னு ஒரு தொகையை ரொக்கமா அம்மா கையில கொடுத்துடுங்க, யுபிஐ வேண்டாம். வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, காலையிலயே உள்ள போயிடுங்க. வயசானவங்களுக்கு நடை கொஞ்சம் ஜாஸ்தி.