கடல் விலகிப்போன தெரு

தெலுக் ஆயர் எம்ஆர்டி நிலையத்திலிருந்து வெளியே வருகிறீர்கள். மதிய உணவு நேரம். கழுத்தில் அலுவலக அட்டை தொங்க, ஊழியர்கள் சாப்பாட்டுக்கு விரைகிறார்கள். கடைவீடுகளிலிருந்து காப்பி மணம் வருகிறது. அண்ணாந்து பார்த்தால் வானுயரக் கட்டடங்கள்.

மலாய் மொழியில் ‘தெலுக்’ என்றால் விரிகுடா. ‘ஆயர்’ என்றால் தண்ணீர். பெயரில் இருக்கும் தண்ணீர் எங்கே போனது?

இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் தெலுக் ஆயர் ஸ்திரீட்தான் கடற்கரை. தெருவின் ஒரு பக்கம் வீடுகளும் கடைகளும், மறுபக்கம் அலைகள். 1819க்குப் பிறகு பிழைப்புத் தேடி சிங்கப்பூருக்குப் புறப்பட்டவர்களில் பலர் இந்தக் கரையில்தான் முதன்முதலில் கால் வைத்தார்கள். தென்சீனத்திலிருந்தும் தமிழகத்தின் சோழமண்டலக் கரையிலிருந்தும் பாய்மரக் கப்பல்களில் வந்தவர்கள் அவர்கள். புயல், நோய், பசி எல்லாவற்றையும் தாண்டி உயிரோடு கரை சேர்வதே பெரும்பேறு என்றிருந்த காலம் அது.

கரையேறியவர்கள் என்ன செய்தார்கள்? காப்பாற்றிய சக்திக்கு நன்றி சொன்னார்கள். அந்த நன்றிதான் இன்றும் இந்தத் தெருவில் கட்டடங்களாக நிற்கிறது.

கதவு எண் 140. நாகூர் தர்கா. 1828க்கும் 1830க்கும் இடையே, ‘சூலியா’ என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் இதைக் கட்டினார்கள். நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகை கடற்பயணிகளைக் காப்பவர் என்பது அவர்களின் நம்பிக்கை. அவர் அடக்கமாகியிருப்பது நாகூரில். சிங்கப்பூரில் இருப்பது அவர் நினைவாக எழுப்பிய இடம். கீழ்த்தளத்தில் ஐரோப்பிய பாணித் தூண்கள், மேலே சின்னஞ்சிறு மினாராக்கள் என்று இரு உலகங்கள் இந்த ஒரே முகப்பில் சேர்ந்திருக்கின்றன.

சில அடிகள் நடந்தால், எண் 158. தியான் ஹொக் கெங் கோயில். ஹொக்கியன் சீனர்கள் முதலில் இங்கே ஒரு சிறு வழிபாட்டிடம் அமைத்தார்கள். 1839க்கும் 1842க்கும் இடையே அது பெரிய கோயிலாக எழுந்தது. பணம் கொடுத்தவர்களில் முதன்மையானவர், இன்று ஒரு மருத்துவமனையின் பெயரில் நாம் அறிந்திருக்கும் டான் டோக் செங். இங்கு வீற்றிருக்கும் தெய்வம் மாசூ. அவரும் கடலோடிகளின் காவல் தெய்வம்தான்.

மொழி வேறு, சமயம் வேறு, புறப்பட்ட துறைமுகமும் வேறு. ஆனால் கடலைக் கண்ட அச்சம் ஒன்றுதான். கரையைக் கண்ட மகிழ்ச்சியும் ஒன்றுதான். இந்த இரண்டு இடங்களும் பக்கத்துப் பக்கத்தில் அமைந்ததற்கு அதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

இன்னும் கொஞ்சம் நடந்தால், எண் 192இல் அல்-அப்ரார் பள்ளிவாசல். 1827இல் இது வெறும் ஓலைக் குடிசை. அதனால்தான் தமிழர்கள் இதைக் ‘குச்சுப் பள்ளி’ என்று அழைத்தார்கள். குச்சு என்றால் சிறு குடில். செங்கல் கட்டடம் வந்தது 1850களில். கட்டடம் மாறிய பிறகும், முதல் தலைமுறையின் ஏழ்மையை அந்தப் பெயர் நினைவில் வைத்திருக்கிறது.

அப்படியானால் கடலை நகர்த்தியது யார்? துறைமுகம் வளர்ந்தது, நகருக்கு இடம் போதவில்லை. 1879இல் விரிகுடாவை மண்ணிட்டு நிரப்பும் பணி தொடங்கியது. அருகிலிருந்த வாலிச் குன்றை வெட்டி, அந்த மண்ணைக் கடலில் கொட்டினார்கள். இன்று அலுவலகங்கள் நிறைந்திருக்கும் சிசில் ஸ்திரீட்டும் ராபின்சன் ரோடும் அப்படி உருவான நிலத்தில்தான் இருக்கின்றன. நாம் சத்தே வாங்கிச் சாப்பிடும் லாவ் பா சாட்டும் அங்கேதான் நிற்கிறது. அதற்கு முந்திய பழைய சந்தை, படகுகள் நேராக வந்து சரக்கு இறக்கும்படி கடல்நீரின் மேலேயே இருந்தது. 1894இல் திறக்கப்பட்ட இன்றைய சந்தைக் கட்டடத்தைச் சுற்றி ஒரு சொட்டுக் கடல்நீர் இல்லை.

அதன் பிறகும் நிலம் வளர்ந்துகொண்டே போனது. மரீனா பே பக்கம் போனாலும் இப்போது கடல் இல்லை. 2008இல் திறக்கப்பட்ட மரீனா அணைக்கட்டு, அந்த நீரைக் கடலிலிருந்து பிரித்து நன்னீர்த் தேக்கமாக்கிவிட்டது.

தர்காவும் கோயிலும் பள்ளிவாசலும் 1970களில் தேசிய நினைவுச் சின்னங்களாயின. தர்கா 2011 முதல் இந்திய முஸ்லிம்களின் கதையைச் சொல்லும் மரபுடைமை நிலையமாக இயங்குகிறது. சுவர்களுக்குச் சட்டம் பாதுகாப்புத் தரும். ஆனால் அவை ஏன் இங்கே நிற்கின்றன என்பதைச் சட்டத்தால் நினைவில் வைத்திருக்க முடியாது. கடலை மறந்துவிட்டால், இவை அலுவலகங்களுக்கு நடுவே எப்படியோ மாட்டிக்கொண்ட பழைய கட்டடங்களாக மட்டுமே தெரியும்.

அடுத்த பள்ளி விடுமுறையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 140இல் தொடங்கி 192 வரை நடந்து பாருங்கள். தியான் ஹொக் கெங் வாசலில் நின்று, எதிர்ப்பக்கக் கட்டடங்களை ஒரு நிமிடம் மறந்துவிட்டுப் பாருங்கள். ஒரு காலத்தில் அலைகள் வந்து தொட்டது ஏறக்குறைய அந்த இடத்தைத்தான்.

வீடு திரும்பியதும் தாத்தா பாட்டியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “நம் குடும்பத்தில் முதன்முதலில் இங்கே கரையேறியவர் யார்? அவர் எப்படி வந்தார்?” விடை தெரிந்தால் எழுதி வையுங்கள். அந்தக் கதைக்குக் கதவு எண்ணும் இல்லை, அதைக் காக்கச் சட்டமும் இல்லை.