தற்காலிகம் என்று வந்தவை: 1942 போரும் திருகோணமலையும்

இரண்டாம் உலகப் போரின் குண்டுகள் இலங்கை மண்ணில் விழுந்தது 1942 ஏப்ரலில் இரண்டே நாள்களில்தான் என்றாலும், அந்த ஆண்டில் போரைக் காரணம் காட்டிப் பிறந்த அதிகாரங்களும் பங்கீட்டு முறைகளும் நாட்டை விட்டு அகலப் பல பத்தாண்டுகள் எடுத்தன. சில இன்றுவரை அகலவே இல்லை. போர்க்காலத்தில் அரசு குடிமக்களுக்குக் கொடுத்தவை எவை, அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டவை எவை, இவற்றில் எவை திரும்பப் பெறப்பட்டன, எவை திருப்பிக் கொடுக்கப்பட்டன என்று கணக்குப் பார்ப்பதற்குத் திருகோணமலையைவிடப் பொருத்தமான மாவட்டம் இலங்கையில் இல்லை.

உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றாகிய திருகோணமலையை 1795 இல் ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றிய பிரித்தானியர், தம் கடற்படையின் தேவைக்கு ஏற்ப அதை வளர்ப்பதும் கைவிடுவதுமாக இருந்தனர். 1905 இல் செலவுக் குறைப்புக்காகக் கப்பற்பட்டறை மூடப்பட்டபோது நகரம் ஒடுங்கியது. கப்பல்கள் நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறி, கிழக்கில் யப்பான் கடல் வல்லரசாக எழுந்த பிறகு, 1920களிலும் 1930களிலும் சீனக்குடாவில் ஏறத்தாழ 850 ஏக்கர் காட்டு நிலத்தில் நூறளவான எண்ணெய்த் தாங்கிகள் கட்டப்பட்டன. 1927 இல் புகையிரதப் பாதையும் நகரை எட்டியது. 1921 குடிசனக் கணக்கில் சுமார் 34,000 பேரைக் கொண்டிருந்த மாவட்டம் 1946 கணக்கில் சுமார் 76,000 ஆகப் பெருகியிருந்தது. அந்தப் பெருக்கத்தில் தளமும் போரும் கொண்டிருந்த பங்கு பெரிது.

1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூரும், மார்ச் தொடக்கத்தில் பர்மாவின் இரங்கூனும் யப்பானியரிடம் வீழ்ந்தவுடன், இந்து சமுத்திரத்தில் பிரித்தானியருக்கு எஞ்சிய முதன்மையான கடற்றளம் இலங்கையாயிற்று. ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று கொழும்பு தாக்கப்பட்டது. ஏப்ரல் 9 காலை ஏறத்தாழ 130 விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் எண்ணெய்த் தாங்கிகளையும் தாக்கின. தாங்கிகளில் ஒன்று பல நாள்கள் எரிந்தது. துறைமுகத்தில் தீப்பற்றிய சகாயிங் என்ற கப்பல் பின்னர் அங்கேயே அமிழ்த்தப்பட்டு, 2018 இல்தான் இலங்கைக் கடற்படையினரால் மேலே கொண்டுவரப்பட்டது. தாக்குதல் வரும் என்று எச்சரிக்கப்பட்டு முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டு வெளியேறிய ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல், தன்னிடம் விமானம் ஒன்றுமில்லாத நிலையில் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட, அதிலிருந்த முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். எஞ்சிய பிரித்தானியக் கிழக்குக் கப்பற்படை ஆபிரிக்கக் கரையிலுள்ள கிலிந்தினிக்குப் பின்வாங்கியது. சென்னையிலும் அந்த மாதம் அரசு அலுவலகங்கள் உள்ளூர்களுக்கு மாற்றப்பட்டு, நகர மக்கள் பெருந்தொகையாக வெளியேறினர் என்பதிலிருந்து, அச்சம் பாக்கு நீரிணையின் இருகரைகளையும் எவ்வளவு பற்றியிருந்தது என்பது விளங்கும்.

தாக்குதலுக்குச் சில வாரங்கள் முன்பே ஆட்சிமுறை மாறிவிட்டிருந்தது. 1931 முதல் நடைமுறையிலிருந்த டொனமூர் அரசியலமைப்பின்படி, வளர்ந்தோர் அனைவரின் வாக்கினாலும் தெரிவான அரசாங்க சபையும் அதன் அமைச்சர்களும் உள்நாட்டு நிருவாகத்தைக் கவனிக்க, தேசாதிபதி மேலதிகாரம் வைத்திருந்தார். 1942 மார்ச்சில் அட்மிரல் சேர் ஜெப்ரி லேய்ட்டன் இலங்கையின் தலைமைத் தளபதியாக நியமிக்கப்பட்டு, தேசாதிபதி சேர் அன்றூ கல்டிகொற் உட்பட அனைத்துக் குடியியல் அதிகாரிகளும் அவருக்குக் கீழ்ப்படுத்தப்பட்டனர். தலைமைத் தளபதியும் தேசாதிபதியும் அமைச்சர்களும் ஒரே மேசையில் அமர்ந்து முடிவெடுக்கும் போர்ச் சபை ஒன்றும் அமைக்கப்பட்டது. சிவில் பாதுகாப்பையும் பின்னர் உணவு விநியோகத்தையும் பொறுப்பேற்ற சேர் ஒலிவர் குணதிலக்க, விவசாய அமைச்சர் டி. எஸ். சேனாநாயக்க ஆகியோர் அந்த மேசையில் காட்டிய திறமையே பின்னாளில் இலண்டனோடு பேரம் பேசும் வலுவை அவர்களுக்குத் தந்தது. போர் முடிந்தபின் உள்நாட்டு விடயங்களில் முழுப் பொறுப்பாட்சி தரப்படும் என்று 1943 மே மாதத்தில் பிரித்தானிய அரசாங்கம் அறிவித்தது, போர்க்கால ஒத்துழைப்புக்குக் கிடைத்த விலை என்றே கொள்ள வேண்டும்.

ஆயினும் அதே போர் வாக்காளரின் கையைக் கட்டியது. 1936 இல் தெரிவான அரசாங்க சபையின் ஆயுள் மீண்டும் மீண்டும் நீட்டப்பட்டு, அடுத்த பொதுத் தேர்தல் 1947 இல்தான் நடந்தது. சோல்பரி ஆணைக்குழு 1944 முடிவில் வந்து, இலங்கைக்கான புதிய அரசியலமைப்பை ஆராய்ந்தபோது, அதன் முன்னிருந்த அமைச்சர்களின் வரைவு எட்டு ஆண்டுகளுக்கு முந்திய தேர்தலொன்றின் சபையிலிருந்து எழுந்ததாகும். சிறுபான்மையினரின் பிரதிநிதித்துவம் பற்றிய வாதம் உச்சத்திலிருந்த காலத்தில் மக்களிடம் புதிதாக ஆணை கேட்கப்படவில்லை என்பது, தமிழர் அரசியல் வரலாற்றை எழுதுவோர் இன்னும் போதியளவு கவனிக்காத ஒரு குறை. எதிர்த்துப் பேசியவர்களால் வெளியே இருக்கவும் முடியவில்லை: லங்கா சமசமாஜக் கட்சியின் தலைவர்கள் 1940 இலேயே பாதுகாப்பு விதிகளின் கீழ் விசாரணையின்றி அடைக்கப்பட்டனர், கொழும்புத் தாக்குதலுக்கு இரு நாள்களின் பின் கண்டி போகம்பறைச் சிறையிலிருந்து அவர்கள் தப்பினர்.

சாதாரண குடும்பம் போரை உணர்ந்தது அரிசியில். தான் உண்ணும் அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை இறக்குமதி செய்த தீவுக்கு, அதன் பெரும்பகுதியைத் தந்த பர்மா பறிபோனது உயிர் மூச்சு நின்றாற் போன்ற செய்தி. 1942 இல் அரிசிக்குப் பங்கீடு வந்தது. கோதுமை மாவும் சீனியும் அதனுள் அடங்கின. பங்கீடு என்பது விலைக் கட்டுப்பாடு மட்டுமன்று, ஒவ்வொரு தலைக்கும் கிழமைக்கு இவ்வளவு என்று அரசே அளந்து, கூப்பன் புத்தகம் கொடுத்து, ஒவ்வொரு குடும்பத்தையும் குறித்த ஒரு கடையில் பதிவு செய்து, கூப்பனை வெட்டிக்கொண்டு பொருள் கொடுக்கச் செய்யும் ஏற்பாடாகும். இதை நடத்துவதற்குத் தனியார் கடைகள் போதாமையாலும், அவற்றிற் பதுக்கல் நடந்தமையாலும், நுகர்வோர் கூட்டுறவுச் சங்கங்கள் அரசின் ஊக்கத்தோடு ஊருக்கு ஊர் முளைத்தன. போருக்கு முன் விரல்விட்டு எண்ணத்தக்கனவாக இருந்தவை 1945 இல் பல ஆயிரங்களாகின. இன்றும் ஈழத்துத் தமிழர் பேச்சில் வழங்கும் சங்கக்கடை இவ்வாறு நிலைபெற்றது. தம்பலகாமம் போன்ற வயற்பகுதிகளின் கமக்காரருக்கு இதன் மறுபக்கம் தெரிந்தது: விளைந்த நெல்லில் ஒரு பங்கை அரசு நிர்ணயித்த விலைக்கு அரசுக்கே கொடுக்க வேண்டும் என்ற கட்டளை, களத்துமேட்டுக்கும் அரசாங்கத்தைக் கொண்டுவந்தது.

அரிசிக் குறையை ஈடு செய்யக் கோதுமை மா பெருமளவில் வந்து, ஏழை வீடுகளின் காலை உணவாகப் பாணும் ரொட்டியும் வேரூன்றின. பஜிரி என்று பெயர் பெற்ற கம்பும் அரிசிக்குப் பதிலாகக் கொடுக்கப்பட்டு, மனம் ஒப்பாமல் உண்ணப்பட்டது. எனினும் இந்த ஏற்பாட்டின் பெறுமதியை அளக்க ஓர் ஒப்பீடு போதும். பர்மா அரிசியை இழந்த வங்காளத்தில் 1943 இல் விலையேற்றமும் பதுக்கலும் நிருவாகத்தின் அலட்சியமும் சேர்ந்து ஏறத்தாழ 30 இலட்சம் பேரைப் பட்டினியால் கொன்றன. இறக்குமதியை வங்காளத்தைவிடப் பன்மடங்கு நம்பியிருந்த இலங்கையில் பசி இருந்தது, பஞ்சச் சாவு அத்தகைய அளவில் நிகழவில்லை. இந்த வேறுபாட்டுக்குப் பங்கீடு பெருங்காரணம். பாதுகாப்புக்காக இராணுவத்தை நிறுத்துவதைப்போலவே உணவைப் பகிர்வதும் அரசின் கடமை என்ற எண்ணம் அந்த ஆண்டுகளில் மக்கள் மனத்தில் பதிந்தது. 1945 இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும் அதே காலத்தின் பிள்ளை.

1944 தொடக்கத்தில் கிழக்குக் கப்பற்படை திருகோணமலைக்குத் திரும்பி, சுமாத்திராவின் சபாங் மீதான தாக்குதலுக்கு இங்கிருந்தே புறப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் பிரித்தானியப் பசிபிக் கப்பற்படை இத்துறைமுகத்திலேயே உருவாக்கப்பட்டது. நகரின் கூலியாட்களும் கடைக்காரரும் மரக்கறி விற்போரும் தளத்தின் சம்பளப் பணத்தில் வாழ்ந்தனர். அந்தப் பணம் வந்த வேகத்திலேயே போகக்கூடியது என்பது 1957 ஒக்டோபர் 15 அன்று பிரித்தானியர் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தபோது தெளிவாகியது. இறைமைக்கு அது பெரிய நாள். தளத்தை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான தொழிலாளருக்கு அது வேலை போன நாள். மாற்றுத் தொழில் எதுவும் அந்த அளவில் நகருக்கு வரவில்லை.

தளபதி போனாலும் தளபதியின் அதிகாரம் சட்டப் புத்தகத்தில் தங்கியது. 1947 இல் வேலைநிறுத்தங்கள் பெருகிய வேளையில், சுதந்திரத்துக்குச் சில மாதங்கள் முன்பே, பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அவசரகால நிலையைப் பிரகடனம் செய்யவும், பாராளுமன்றச் சட்டங்களை மேவும் ஒழுங்குவிதிகளை ஆக்கவும், ஆட்களைத் தடுத்து வைக்கவும் நிறைவேற்றுத் துறைக்கு அது இடமளித்தது. போர்க்காலப் பாதுகாப்பு விதிகளின் சாரம் சமாதான காலத்துக்குக் கடத்தப்பட்டது என்று இதைச் சொல்லலாம். போர் தந்த உணவும் போர் தந்த அதிகாரமும் நேருக்கு நேர் மோதியது 1953 ஓகஸ்ட் 12 இல். பங்கீட்டு அரிசியின் கொத்து விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டதை எதிர்த்து நாடு முழுவதும் ஹர்த்தால் நடந்தபோது, கொழும்புத் துறைமுகத்திலிருந்த பிரித்தானியப் போர்க்கப்பலொன்றில் அமைச்சரவை கூடி, அவசரகால நிலை நடைமுறைப்படுத்தப்பட்டது. பிரதமர் டட்லி சேனாநாயக்க இரண்டு மாதங்களில் பதவி விலகினார்; அரிசி மானியம் பிழைத்தது. பின்னர் 1979 இல் பங்கீடு உணவு முத்திரைகளாக மாற்றப்பட்டு, கூப்பன் புத்தகம் மறைந்தது.

அவசரகாலச் சட்டம் மறையவில்லை. 1983 இற்குப் பின்னான உள்நாட்டுப் போரில் அது பெரும்பாலான காலம் நடைமுறையிலிருந்தது. திருகோணமலையில் கடற்றொழிலாளர் எந்த நேரத்தில் கடலுக்குப் போகலாம் என்பதும், எந்தக் கிராமத்தார் எந்த நிலத்தில் குடியிருக்கலாம் என்பதும் அதன் கீழ் தீர்மானிக்கப்பட்டன. மூதூர் கிழக்கில் சம்பூர் மக்கள் 2006 சண்டையில் இடம்பெயர, அவர்களின் ஊர் 2007 இல் உயர் பாதுகாப்பு வலயமாக அறிவிக்கப்பட்டது. 2015 இல் 818 ஏக்கர் காணி விடுவிக்கப்படும்வரை அவர்கள் காத்திருந்தனர். கோணேசர் கோயிலுக்குச் செல்லும் பாதை இன்றும் இராணுவம் தங்கியிருக்கும் பிரட்ரிக் கோட்டை வாயிலின் வழியேதான் போகிறது. சீனக்குடாத் தாங்கிகள் பற்றி 1987 இந்திய இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களும், 2003 உடன்பாடும், 2022 ஜனவரியில் 99 தாங்கிகளையும் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம், லங்கா ஐஓசி, இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனம் என மூன்று தரப்புக்குப் பிரித்த ஒப்பந்தமும் நாடுகளும் நிறுவனங்களும் தமக்குள் பேசி முடித்தவை. மாவட்ட மக்களிடம் எவரும் ஒப்புதல் கேட்கவில்லை.

போர் கொடுத்ததைத் திரும்ப எடுப்பதற்குப் பாராளுமன்றத்தில் விவாதம் நடந்தது, தேர்தல் நடந்தது, தெருவில் போராட்டமும் நடந்தது. போர் எடுத்துக்கொண்டதற்கு அத்தகைய விவாதம் எதுவும் திருகோணமலைக்குக் கிடைக்கவில்லை. கடற்படைத் தளத்துக்காகவும் பின்னாளில் பாதுகாப்பின் பெயராலும் இம்மாவட்டத்தில் எடுக்கப்பட்ட காணிகளின் முழுப் பட்டியலை, எடுக்கப்பட்ட ஆண்டு, இன்றைய பயன்பாடு, உரிமை கோருவோர் ஆகிய விவரங்களுடன் அரசாங்கம் பாராளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும். அதைக் கேட்டுப் பெறும் பொறுப்பு திருகோணமலையிலிருந்து தெரிவாகும் எல்லாக் கட்சி உறுப்பினருக்கும் உண்டு.