தூள் வேண்டாம், சுருள் வேண்டும்!
கிட்டாருக்கு மெருகு கொடுக்கும் எஃகுத் தகடு

கும்மிடிப்பூண்டி என்றதும் நினைவுக்கு வருவது என்ன?

இரும்பு!

சென்னையில் இருந்து வடக்கே போகும் மின்சார ரெயிலில் ஏறினால் கும்மிடிப்பூண்டியில் இறங்கலாம். அங்கே சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. பழைய இரும்பை உருக்கி, கட்டிடக் கம்பியாக நீட்டும் ஆலைகள் அந்த வட்டாரத்தில் பல உண்டு. லாரி லாரியாகக் கம்பி வெளியே போகிறது.

டன் கணக்கில் இரும்பு புரளும் அந்தத் திருவள்ளூர் மாவட்டத்தில், 60 கிராம்கூடத் தேறாத ஓர் எஃகுத் தகட்டைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள். ஆனால் அந்தத் தகடுதான் கையால் செய்யும் கிட்டாருக்கு மெருகு கொடுக்கிறது. தச்சரின் மூச்சையும் காப்பாற்றுகிறது.

எப்படி என்று பார்ப்போம்.

கைபிடி இல்லாத கருவி

அதற்குச் சுரண்டி என்று பெயர். பட்டறைகளில் ஸ்கிராப்பர் என்றும் சொல்வார்கள். நீளம் ஒரு சாண் இருக்காது. அகலம் நாலு விரல். கனம் ஒரு மில்லி மீட்டருக்கும் குறைவு. கைபிடி கிடையாது. இழைப்புளிக்கு இருப்பது போல் கட்டையோ ஆப்போ கிடையாது. வெறும் தகடு! பார்த்தால், ரம்பத்தில் இருந்து உடைந்து விழுந்த துண்டு போல இருக்கும்.

தகட்டை இரண்டு கைகளாலும் பிடிக்க வேண்டும். இரண்டு கட்டை விரல்களையும் பின்புறம் நடுவில் வைத்து அழுத்தினால் தகடு வில் போல் லேசாக வளையும். அதைக் கொஞ்சம் முன்பக்கம் சாய்த்து மரத்தின் மேல் தள்ள வேண்டும். அவ்வளவுதான்!

அப்போது மரத்தில் இருந்து என்ன வருகிறது என்பதைக் கவனியுங்கள். தூள் வந்தால் தகடு மொட்டை. வெங்காயத் தோல் போல மெல்லிய சுருள் வந்தால் தகடு கூராக இருக்கிறது என்று அர்த்தம். இதைத் தெரிந்துகொள்ள அளவுகோல் தேவை இல்லை. படிப்பும் தேவை இல்லை. கண் போதும்.

நம் ஊர் தச்சர்களுக்கு இந்த வேலை புதிதல்ல. வீட்டுக்குக் கதவு செய்யும்போது பார்த்திருப்பீர்கள். பாலீஷ் போடும் முன் உடைந்த கண்ணாடித் துண்டை எடுத்து மரத்தைச் சுரண்டுவார்கள். மரம் பளிச்சென்று ஆகும். ஆனால் கண்ணாடி சீக்கிரம் மழுங்கிவிடும். கையையும் கிழிக்கும். மழுங்கினால் தூக்கி எறிய வேண்டியதுதான். எஃகுத் தகடு அப்படி அல்ல. தீட்டத் தீட்ட உழைக்கும்.

அட்டையில் ஒரு கிட்டார்

கிட்டார் என்பது காற்றை அடைத்த ஒரு மரப்பெட்டி. அதன் மேல் 6 நரம்புகள். நைலான் நரம்பு பூட்டினால் எல்லாம் சேர்ந்து சுமார் 40 கிலோ இழுக்கும். எஃகுக் கம்பி பூட்டினால் 70 கிலோ வரை, அதற்கு மேலும் இழுக்கும். அதாவது ஓர் ஆளின் எடை! அந்த இழுப்பை எல்லாம் தாங்கிக்கொண்டு அதிர வேண்டிய மேல்பலகையின் கனம் எவ்வளவு தெரியுமா? சுமார் 2½ மில்லி மீட்டர்தான்.

பலகை கனத்தால் நாதம் எழும்பாது. மிகவும் மெலிந்தால் நரம்பின் இழுப்பில் உப்பி வளைந்துவிடும்.

மேல்பலகையின் பெருமையை உலகத்துக்கு வேடிக்கையாகக் காட்டியவர் ஸ்பெயின் நாட்டின் அந்தோணியோ டி டோரஸ். 1817-ல் பிறந்தவர். தச்சு வேலையில் தொடங்கி, கிட்டார் செய்வதில் பெரும் பெயர் எடுத்தவர். 1862-ல் அவர் ஒரு கிட்டார் செய்தார். அதன் முதுகும் பக்கங்களும் மரம் அல்ல, காகித அட்டை! மேல்பலகை மட்டும் நல்ல மரம். நாதத்துக்கு உயிர் மேல்பலகையில்தான் இருக்கிறது என்று அதன் மூலம் நிரூபிக்கப் பார்த்தார். அந்த அட்டைக் கிட்டார் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இத்தனை மெல்லிய பலகையில் கடைசிச் சீவலை எடுக்க இழைப்புளியை வைக்கக் கை நடுங்கும். மரத்தின் நார் எதிர்த்திசையில் ஓடும் இடத்தில் இழைப்புளி மரத்தைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். சுரண்டி பிய்க்காது. ஒரு தள்ளலில் தலைமுடியைவிட மெல்லிய சுருளைத்தான் எடுக்கும். போதும் என்று தோன்றினால் நிறுத்திக்கொள்ளலாம்.

உப்புத்தாள் செய்யும் கோளாறு

"உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போதாதா?" என்று கேட்கலாம்.

போதாது. கிட்டாரின் மேல்பலகை பெரும்பாலும் ஸ்புரூஸ் என்ற வெளிறிய மரம். குளிர் நாடுகளில் வளர்வது. முதுகும் பக்கங்களும் பல கிட்டார்களில் ஈட்டி மரம். கறுஞ்சிவப்பு நிறம். இரண்டும் ஓரத்தில் ஒன்றை ஒன்று தொடுகின்றன. அந்த ஓரத்தில் உப்புத்தாளைப் போட்டால் என்ன ஆகும்? ஈட்டியின் கறுப்புத் தூள் வெள்ளை மரத்தின் நாருக்குள் புகுந்து கறையாகி நிற்கும். வெள்ளை வேட்டியில் வெற்றிலைச் சாறு விழுந்த கதைதான்!

இன்னொன்று. ஈட்டி மரத்தில் எண்ணெய்ப் பசை உண்டு. உப்புத்தாளின் மணல்களுக்கு நடுவே அந்தத் தூள் அப்பிக்கொள்ளும். தாள் சீக்கிரம் வழுக்கத் தொடங்கும். சுரண்டிக்கு இந்தத் தொல்லை கிடையாது. தூளே இல்லையே!

நம் மலையில் வளர்ந்த மரம்

ஈட்டியைத் தோதகத்தி என்றும் சொல்வார்கள். நீலகிரிக் காடுகள் உள்பட, மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மரம் அது. உலகத்தின் பெயர் பெற்ற கிட்டார்களில் நம் நாட்டு ஈட்டி இருப்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் மார்ட்டின் என்ற பழைய கிட்டார் கம்பெனி இருக்கிறது. 1833-ல் தொடங்கியது. பிரேசில் நாட்டு ஈட்டி கிடைப்பது அரிதானபோது, 1969-ல் அவர்கள் இந்திய ஈட்டிக்கு மாறினார்கள். மற்ற கம்பெனிகளும் அதே மரத்தைத் தேடி வந்தன.

விளைவு? மரம் குறைந்தது. ஈட்டி மரத்தைக் காப்பாற்றத் தமிழ்நாடு அரசு 1994-ல் தனிச் சட்டமே இயற்றியது. 2017-ல் இந்த வகை மரங்கள் அத்தனைக்கும் உலக நாடுகள் சேர்ந்து வாணிபக் கட்டுப்பாடு போட்டன. 2019-ல் செய்து முடித்த இசைக் கருவிகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள்.

ஆகவே ஒரு தச்சர் கையில் ஈட்டிப் பலகை வந்தால், அவர் கையில் இருப்பது பல தலைமுறைகள் நின்ற மரம். அவசரப்பட்டு ஒரு இடத்தில் ஆழமாக எடுத்துவிட்டால் பலகை வீண். கடையில் போய் இன்னொன்று வாங்கி வரும் சமாசாரம் அல்ல அது!

மூக்கில் ஏறும் தூள்

மரத்தை விடப் பெரிய விஷயம் மனிதன்.

திருவள்ளூர் பக்கம் தச்சுப் பட்டறைகளுக்குப் போனால், தேய்க்கும் மெஷின் ஓடுவதைப் பார்க்கலாம். பட்டறை முழுவதும் புகை மாதிரி தூள் பறக்கும். தலைமுடி வெளுத்திருக்கும். புருவம் வெளுத்திருக்கும். மாலையில் மூக்கைச் சிந்தினால் மரத்தூள்தான் வரும்.

"முப்பது வருஷமாக இதில்தான் இருக்கிறோம். என்ன ஆகிவிட்டது?" என்பார்கள்.

ஆகிறது! மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995-ல் உறுதியாக வகைப்படுத்தியது. முக்கியமாக மூக்கின் உட்பகுதியில் வரும் புற்றுநோய். அது ஒரே நாளில் வருவது அல்ல. பல வருஷம் கழித்து வருவது. ஈட்டித் தூள் சிலருக்கு உடனேயே தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். அந்த உடையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்குகிறார்கள். அந்தத் தூள் குழந்தை வரை போகிறது.

சுரண்டியின் சுருள் காற்றில் மிதக்காது. கீழே விழும். பெருக்கி அள்ளிவிடலாம். மெஷினே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நூறு நாற்காலி செய்பவர் கையால் சுரண்டிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் கை வேலையில் முடிந்த இடத்தில் எல்லாம் தூளுக்குப் பதில் சுருள் எடுப்பது நல்லது. மெஷின் ஓடும் நேரத்தில் மூக்குக்கு நல்ல முகமூடி வேண்டும். கைக்குட்டை போதாது.

எந்த எஃகு?

கும்மிடிப்பூண்டிக் கம்பியைத் தட்டித் தகடாக்கினால் சுரண்டி ஆகுமா?

ஆகாது. கட்டிடக் கம்பி ஒடியாமல் வளைய வேண்டும். அதனால் அதில் கரி குறைவு. அரசாங்கத் தர விதிப்படி நூற்றுக்கு 0.3 பங்குக்கு மேல் போகக் கூடாது. அது கூர் தாங்காது. சுரண்டிக்கு ரம்ப எஃகு வேண்டும். அதில் கரி இரண்டு மூன்று மடங்கு கூடுதல். பல் தேய்ந்த பழைய கைரம்பம் வீட்டில் கிடந்தால் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். அதில் நாலைந்து சுரண்டி வெட்டலாம்.

இரும்பு அறுக்கும் ஹேக்சா பிளேடு வேண்டாம். அது கடினம் அதிகம். அதன் ஓரம் மடங்காமல் ஒடிந்துவிடும். ஓரம் மடங்குவதில்தான் ரகசியமே இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத கொக்கி

கத்தியைத் தீட்டும்போது ஓரத்தில் பிசிறு வந்தால் எடுத்துவிடுவோம். சுரண்டியில் நேர்மாறு. பிசிறை வேண்டும் என்றே உண்டாக்குகிறோம்! தகட்டின் ஓரத்தில் நுண்ணிய கொக்கி மாதிரி மடங்கி நிற்கும் அந்தப் பிசிறுதான் மரத்தைச் சீவுகிறது.

முதலில் தகட்டை வைஸில் பூட்ட வேண்டும். மட்ட அரத்தை ஓரத்தின் மேல் நேராக வைத்து, நீளவாக்கில் ஓட்ட வேண்டும். அரம் இடமோ வலமோ சாயக் கூடாது. ஓரம் சதுரமாக வர வேண்டும். பழைய கொக்கி முழுவதும் போகும் வரை அராவ வேண்டும். இதில் சோம்பல்பட்டால் பிறகு எத்தனை தேய்த்தாலும் கூர் நிற்காது. பலர் தோற்பது இந்த இடத்தில்தான்.

அடுத்து எண்ணெய்க் கல். அரத்தின் கோடுகள் மறையும் வரை ஓரத்தைத் தேய்க்க வேண்டும். பிறகு தகட்டின் இரண்டு முகங்களையும் கல்லில் படுக்க வைத்துத் தேய்க்க வேண்டும். அரம் விட்ட முரட்டுப் பிசிறு அதில் போய்விடும்.

இனித்தான் கொக்கி. இதற்குத் தகட்டைவிடக் கடினமான, வழவழப்பான எஃகுத் தண்டு தேவை. கடையில் இதற்கென்றே தண்டு கிடைக்கும். காசு செலவு செய்ய வேண்டாம் என்றால் மோட்டார் பட்டறையில் பழைய என்ஜின் வால்வு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அதன் தண்டு இந்த வேலைக்கு நன்றாக உதவும். லாரிகள் ஓயாத கும்மிடிப்பூண்டிச் சாலையில் அதற்கா பஞ்சம்?

தண்டில் ஒரு சொட்டு எண்ணெய் தடவ வேண்டும். தகட்டை மேஜையில் படுக்க வைத்து, முகத்தின் ஓரமாக அழுத்தி நாலு முறை தேய்த்தால் எஃகு ஓரத்தைத் தாண்டி லேசாகப் பிதுங்கும். மறுபடி வைஸில் நிமிர்த்திப் பூட்டி, ஓரத்தின் மேல் தண்டை மட்டமாக ஒரு முறை இழுக்க வேண்டும். பிறகு தண்டைச் சற்றே சாய்த்து இரண்டு மூன்று முறை. சாய்வு மிகக் கொஞ்சம். 5 முதல் 10 டிகிரி வரைதான். கொக்கி தயார்!

விரல் நகத்தை ஓரத்தில் மெதுவாக வைத்துப் பாருங்கள். மாட்டுகிறதா? மாட்டினால் சரி. விரலை ஓரத்தின் நீளத்தில் மட்டும் இழுத்துப் பார்க்கக் கூடாது. ரத்தம் வந்துவிடும்.

புதிதாகச் செய்கிறவர்கள் பலம் முழுவதையும் காட்டித் தேய்ப்பார்கள். கொக்கி அதிகமாகச் சுருண்டு, மரத்தைப் பிடிக்காமல் வழுக்கும். மெத்தென்ற ஸ்புரூஸ் மரத்துக்குச் சின்னக் கொக்கியே போதும். ஆனால் அது புதிதாகத் தீட்டியதாக இருக்க வேண்டும். மழுங்கிய தகடு அந்த மரத்தின் நாரை வெட்டாமல் நசுக்கிவிடும்.

வேலை செய்யச் செய்யத் தகடு சூடேறும். கட்டை விரல் சுடும். அனுபவப்பட்டவர்கள் விரலில் துணி சுற்றிக்கொள்கிறார்கள். மழுங்கிய கொக்கியை நிமிர்த்தித் திரும்ப மடக்கி நாலைந்து முறை வேலை வாங்கலாம். ஒவ்வொரு முறையும் அரத்துக்குப் போக வேண்டாம்.

பிட்டருக்கும் உறவு

ஐ.டி.ஐ.யில் பிட்டர் வேலை படிக்கும் பையன்கள் "சுரண்டியா? எங்களுக்குத் தெரியுமே" என்பார்கள். அது வேறு சுரண்டி, இரும்பைச் சுரண்டுவது. மட்டப் பலகையில் நீல மையைத் தடவி, வேலைப்பொருளை அதன் மேல் உரசினால் மேடான இடத்தில் மை ஒட்டும். அந்த இடத்தை மட்டும் சுரண்டி எடுப்பார்கள். கடைசல் மெஷினின் படுகையைக்கூட இப்படி மட்டம் செய்வது உண்டு. எந்திரம் விட்ட குறையைக் கை தீர்க்கிறது. அந்தப் பயிற்சி உள்ளவர் மரச் சுரண்டியைச் சீக்கிரம் கற்றுக்கொள்வார். அரத்தைச் சாயாமல் பிடிக்கத் தெரிந்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

தமிழ்நாட்டில் கிட்டார் இசை கேட்காத வீடு இல்லை. இசையமைப்பாளர் இளையராஜாவே முதலில் ஜி.கே. வெங்கடேஷின் குழுவில் கிட்டார் வாசித்தவர்தான். 1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் கிட்டார் இசையை இன்னும் பிள்ளைகள் வாசித்துப் பழகுகிறார்கள்.

வீட்டில் வாசிக்கும் பிள்ளையும் தச்சு தெரிந்த பெரியவரும் இருந்தால், முயன்று பார்க்கலாம். ஆனால் முதல் நாளே கிட்டாரில் கை வைக்க வேண்டாம். ஈட்டியிலும் வேண்டாம். உடைந்த தேக்கு ஸ்டூலின் பலகை ஒன்று போதும். பழைய ரம்பத் துண்டு ஒன்று, அரம் ஒன்று, வால்வுத் தண்டு ஒன்று. மாலைக்குள் ஒரு சுருள் வந்தால் நல்லது. தூளே வந்தால், தகட்டை மறுபடி வைஸில் பூட்டி, அரத்தைக் கையில் எடுக்க வேண்டியதுதான்.